துட்டி சொன்ன தொண்டை

எங்கள் பக்கத்தில் யாராவது இறந்துவிட்டால் ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி ஊர் ஊராகத் துட்டி, அதாவது சாவுச் செய்தி, சொல்வார்கள். அஞ்சுகிராமம் சுற்றுவட்டாரத்தில் இருபது வருடமாக அந்தக் குரல் என்னுடையது. எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடென்றால் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’, இந்து வீடென்றால் ‘இயற்கை எய்தினார்’. ஒருதடவை மாற்றிச் சொல்லிவிட்டு அடி வாங்கப் பார்த்தேன். செல்போன் வந்தபிறகு வீட்டிலிருந்தே பேசிப் பதிந்து ஆட்டோக்காரருக்கு அனுப்பிவிடுவேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு சுற்றுவார்.

மாசி மாதத்தில் குரல் கம்மியது. பனங்கற்கண்டு, மிளகு, சுக்கு என்று நாலு மாதம் தின்று தீர்த்தேன். ஆஸ்பத்திரி என்று மனைவி வாயைத் திறந்தாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தொண்டைதானே கட்டியிருக்கிறது, கழுத்தா போய்விட்டது என்று எகிறுவேன். அந்த நாலு மாதமும் ஆட்டோக்காரர் என் பழைய பதிவுகளை வெட்டி ஒட்டிச் சமாளித்தார். தலையும் வாலும் என் குரல், நடுவில் இறந்தவரின் பெயரும் அடக்க நேரமும் மட்டும் அவருடைய குரல். கேட்க அசிங்கமாக இருந்தது, ஆனாலும் வேலை நடந்தது.

கடைசியில் பக்கத்து டாக்டரிடம் போனேன். ஒரு சின்ன வட்டக் கண்ணாடியை விளக்கில் லேசாகச் சூடு காட்டினார். மூச்சுப் பட்டு மங்காமல் இருக்கவாம். என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்துக்கொண்டு கண்ணாடியை உள்ளே விட்டார். எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. இரண்டு முறை பார்த்துவிட்டு நாகர்கோவிலுக்குச் சீட்டு எழுதினார்.

நாகர்கோவில் டாக்டர் மூக்கில் மருந்து அடித்தார். கசப்பு உள்ளே இறங்க இறங்க, தொண்டை வேறு யாருடையதோ போல மரத்துப்போனது. பிறகு பாவாடை நாடா அளவு தடிமனில் ஒரு கறுப்புக் குழாயை மூக்கு வழியாக விட்டார். அதன் நுனியில் விளக்கும் கேமராவும். எதிரே டிவி மாதிரி ஒரு திரை. மனைவி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரமான சிவப்புச் சந்து ஒன்று திரையில் நீண்டுகொண்டே போய், முடிவில் இரண்டு வெள்ளைக் குரல் நாண்கள் தெரிந்தன. இவ்வளவு காலம் ஊருக்கெல்லாம் சாவு சொன்னது இந்த இரண்டு துண்டுச் சதைதானா என்று இருந்தது.

கழுத்தில் ஒரு சின்ன மைக்கை ஒட்டினார்கள். குரல் அதிரும் வேகத்திலேயே விளக்கு மின்னுமாம். அப்போது அதிரும் நாண் நின்றுவிட்டது போலத் தெரியும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார். ‘ஈ’ சொல்லச் சொன்னார். சொன்னேன். கரகரவென்று சத்தம் அறையை நிறைத்தது. திரையில் எதுவும் அசையவில்லை. என் சத்தம் என் காதில் விழுகிறது, அதை எழுப்புகிற இடமோ பிணம் மாதிரிக் கிடக்கிறது. டாக்டர் எதையோ திருகினார். வலது நாண் மெல்ல அலைய ஆரம்பித்தது. இடது நாண் தடித்து, வெளுத்து, அப்படியே கிடந்தது.

பேசாமல் மூச்சை மட்டும் விடச் சொன்னார் டாக்டர். அந்த நேரம் பார்த்து வெளியே ரோட்டில் ஆட்டோ வந்தது. ‘மரண அறிவிப்பு’ என்று ஆரம்பித்தது என் குரல். எங்கள் ஆட்டோக்காரர் துட்டி சொல்லி நாகர்கோவில் வரைக்கும் வந்திருக்கிறார் போல. மூக்கில் குழாயோடு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

“பேசாதீங்கன்னு சொன்னேம்லா” என்றார் டாக்டர்.

என் வாய் மூடித்தான் இருந்தது. திரையைப் பார்த்தேன். வெளியே என் குரல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்ல, உள்ளே வலது நாண் துடித்துத் துடித்து நடுவுக்கு வந்துபோனது. நான் ஏவவில்லை. அது பாட்டுக்கு வேலை பார்த்தது. மனைவி “ஆண்டவரே” என்று முனகினாள். இறந்தவரின் பெயர் வரும் இடத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதில் அமுங்கியது என் பெயர்தான் என்று ஒரு நிமிடம் சத்தியமாக நம்பினேன்.

அடுத்த வாரம் மயக்கம் கொடுத்து, வாய் வழியாக இரும்புக் குழாய் விட்டுச் சதை கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்று. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் குரலை மிச்சம் பிடித்திருக்கலாம், இப்போது குரல்வளையையே எடுத்தாக வேண்டும், இனி கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு என்றார் டாக்டர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாய்தான் நாலு மாதம் வீம்பு பேசி என்னைக் கெடுத்தது. வீட்டாருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பதிந்து வைத்துக்கொள்ளும்படி சொல்லி, ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்.

மறுநாள் ஆட்டோக்காரர் வந்தார். தலையைச் சொறிந்துகொண்டு ஒரு நோட்டை நீட்டினார். ஊரில் அறுபது தாண்டிய அத்தனை பேரின் பெயரும் அதில் இருந்தது. பெயர்களை மட்டும் சொல்லி வைத்துவிட்டால், தேவைப்படும்போது எடுத்துப் பொருத்திக்கொள்ளலாமாம். கரகரப்பும் துட்டிக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்றார். நோட்டைத் தூக்கி எறிந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நானே எடுத்து வந்து வாசித்தேன். வேறு யார் சொன்னாலும் ஊருக்குச் சாவு மாதிரி இருக்காது என்ற திமிர்தான் காரணம், ஒளிப்பானேன்?

செல்போனை அவர் பிடித்துக்கொண்டார். உயிரோடு இருப்பவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில் ஜன்னல் வழியே பார்த்தால், அப்போதுதான் நான் சொல்லி முடித்த ஆள் மண்வெட்டியோடு வயலுக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் குனிந்து நோட்டில் அடுத்த பெயரைத் தேடினேன்.

நோட்டு முடிந்தது. மனைவி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“எம்பேரையும் சொல்லிருங்க. நாளைக்கு வேற எவனாவது வந்து சொல்லணுமாக்கும்?”

முப்பத்திரண்டு வருடத்தில் அவளை ‘ஏட்டி’ என்றும் ‘இங்க பாரு’ என்றும்தான் கூப்பிட்டிருக்கிறேன். பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எங்கள் வீடுகளில் அப்படித்தான். முதலில் காற்றுத்தான் வந்தது. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி சொன்னேன். வந்தது.

ஆட்டோக்காரர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “சரியா விழல்ல அண்ணாச்சி, ஒருக்கா கூட சொல்லுங்க” என்றார்.

“போதும். நான் கேட்டாச்சு” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள்.