இம்போசிஷன் கேட்ட அம்மா

பள்ளிவிட்டு வரும் என் மகள் மதியின் பையில் பாதி தின்ற ஆப்பிளும் ஈரக் காலுறையும்தான் இருக்கும். புத்தகம் இருக்காது. அயர்லாந்தில் நாங்கள் இருக்கும் இந்தச் சிறு ஊரில், அவளுடைய பள்ளி வீட்டுப்பாடத்தையே நிறுத்திவிட்டது. பையை மூலையில் எறிந்துவிட்டு அவள் தெருவுக்கு ஓடும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எங்கள் ஊர் வடக்கனந்தலில் அப்போது விளக்கு வைக்கும் நேரம். என் ஓரகத்தி செல்வி அக்காவின் மகள் பவித்ராவும் இதே வகுப்புதான். அவள் இந்நேரம் நோட்டுமேல் கவிழ்ந்திருப்பாள்.

ஞாயிறு தவறாமல் அக்கா வீடியோவில் வருவார். "பவிதான் ஃபர்ஸ்ட் ரேங்க்கு. மதி இன்னா ரேங்க்கு?" இங்கே ரேங்க்கே கிடையாது என்றால் நம்பமாட்டார். மார்க் கம்மியாகிவிட்டது, மறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார். மதி பின்தங்கிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது என்று கணவரிடம் சொல்லிவைத்தேன். பயமாவது மண்ணாவது, பச்சைப் பொறாமை!

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் மதியின் ஆசிரியையிடமே போனேன். "ப்ளீஸ் மிஸ், லிட்டில் இம்போசிஷன்..." என்று தொடங்கினேன். கள்ளக்குறிச்சியில் படித்த யாருக்கும் அந்தச் சொல் தெரியும். தப்பாக எழுதியதைத் திரும்பத் திரும்ப எழுதவைப்பது. விரல் வீங்க எழுதித்தான் நானும் ஸ்பெல்லிங் கற்றேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நோ இம்போசிஷன் அட் ஆல்!" என்றார். முடியவே முடியாது என்கிறார் போலும் என்று நான் கெஞ்ச, அவரும் விடாமல் அதையே சொல்லிச் சிரிக்க, கடைசியில் ஒரு டீ கொடுத்து அனுப்பிவைத்தார். இவர்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குத் தொந்தரவு என்று அர்த்தமாம், நான் வந்தது தொந்தரவே இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

போன டிசம்பரில் ஊருக்குப் போனோம். அரையாண்டு விடுமுறை. கல்வராயன் மலை அருவிக்கு எல்லாரும் வேன் பிடித்துப் போனார்கள், மதியும் போனாள். லீவு ஹோம்வொர்க் குவிந்து கிடந்ததால் பவித்ராவும் துணைக்கு அக்காவும் மட்டும் போகவில்லை. மலை வளைவில் தலைசுற்றும் என்று சொல்லி நானும் தங்கிவிட்டேன். நிஜத்தில் அந்தப் பெண் எப்படித்தான் படிக்கிறாள் என்று உளவு பார்க்கத்தான்.

கூடத்தை எட்டிப் பார்த்தால், எழுதிக்கொண்டிருந்தது அக்கா! பவித்ரா அம்மாவின் மடியில் காலைப் போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, 'ற' இன்னும் கோணலா போடு. மிஸ்ஸு கண்டுபுடிச்சுடுவாங்க."

"சும்மா இருடி, சிரிப்பு காட்டாத."

என்னைக் கண்டதும் அக்கா பேனாவை மறைத்தார். "யார்கிட்டயும் சொல்லிடாத. இவ்ளோ குடுத்தா கொழந்த இன்னா பண்ணும்? தூங்க வாணாமா? இதுலயா மார்க்கு வருது? கிளாஸ்ல கவனிச்சிக்கினு இருந்துடுவா, அவ்ளோதான்."

அதோடு என் வயிற்றெரிச்சல் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை, ஜாஸ்தியானது. மார்க்கெல்லாம் மறந்துபோய், மடிமேல் கிடந்த அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். மதி பள்ளியில் என்ன படிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் "ஃபைன், மம்மி" என்பாள். எதையாவது தெரியாது என்று சொல்லிக்கொண்டு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று! என் பெண்ணிடம் எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

அக்காவுக்குப் பின்னக் கணக்கு வராது. அதனால் நாங்கள் அயர்லாந்து திரும்பியதிலிருந்து பவித்ரா என்னைப் போனில் அழைக்கிறாள். சமையல் மேசையில் காகிதத்தைப் பரப்பிவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது தண்ணீர் குடிக்க வந்த மதி, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"யாரோட ஹோம்வொர்க், மம்மி?"

"பவியோடது. உனக்கும் சொல்லித்தரட்டுமா? வா, உட்காரு."

"நோ தேங்க்ஸ், எனக்குத் தெரியும்" என்று என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். நான் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் வாசற்கதவு சாத்திக்கொண்டது.

"சித்தி," என்றாள் போனில் பவித்ரா, "லைன்ல கீறீங்களா?"