வாணிவிழாவில் எறிந்த பந்து

தம்பி தூங்கும்போது வலது கையைத் தனியாக ஒரு தலையணையில் கிடத்திவிட்டுத்தான் கண்ணை மூடுவான். கைக்குழந்தை கெட்டது போ என்று அம்மா சிரிப்பார். கொலோனில் எங்கள் வீட்டில் அந்தக் கைக்கு இருந்த மரியாதை வேறு யாருக்கும் இருந்ததில்லை.

அந்தக் கையால் அவன் பேஸ்பால் எறிவது அப்பாவுக்கு மட்டும் பிடிக்காது. பேஸ்பால் என்றால் ஜெர்மன்காரரே முழிப்பார்கள்; கோயிலில் காண்கிறவர்கள் மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? "பந்தெறிஞ்சு சோறு தின்னலாமோ?" என்று ஓயாமல் கேட்பார். அந்தப் பந்துதான் அவனை உதவித்தொகையோடு அமெரிக்கக் கல்லூரிக்குக் கொண்டுபோனது. அங்கே அவன் பந்துக்கு மட்டைக்காரர்கள் திணறினார்கள். படிப்பு முடிய, தொழில்முறை அணியொன்று அவனை ஒப்பந்தம் செய்தது. அப்பா இனிப்போடு வீடு வீடாக ஏறி இறங்கினார், கேலி செய்தவர்கள் வீட்டுக்கு முதலில்.

முதல் பருவம் முடிந்து ஐப்பசியில் வந்தான். வலது முழங்கைத் தசைநார் சற்றுக் கிழிந்திருந்தது. மாசி வரை பந்தையே தொடக்கூடாது, தொட்டால் கை போய்விடும் என்று அணி மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். இதை என்னிடம் மட்டும் சொன்னான். அப்பா இப்போதுதான் தலை நிமிர்ந்து நடக்கிறார், பிறகு சொல்லலாம் என்றான்.

அந்தக் கிழமை எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வாணிவிழா. பாடசாலை மண்டபத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் தம்பிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அப்பா ஒலிவாங்கியை வாங்கி, "என்ரை மகன் இப்ப வெளியில எறிஞ்சு காட்டுவான்" என்றார். பந்தைக் காரிலேயே கொண்டுவந்திருந்தார்.

"இண்டைக்கு வேண்டாமே அப்பா."

"சபையில என்னை வெட்கப்படுத்தாதை மோனை."

நான் வாயெடுக்க, தம்பி கண்ணாலேயே தடுத்தான். சபையில் அப்பாவின் சொல்லைத் தட்டுவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தக் குளிரில், உடம்பைச் சூடாக்காமல், சுவரில் சாய்த்திருந்த உடற்பயிற்சி மெத்தையை நோக்கி எறிந்தான். கைதட்டல். "காணாது, இன்னும் வேகமாய்!" என்றார்கள். அடுத்ததை முழு வேகத்தில் எறிந்தான். மெத்தை சரிந்து விழுந்தது. ஊரே ஆர்ப்பரித்தது. தம்பி சிரித்தபடியே கையைப் பொன்னாடைக்குள் ஒளித்துக்கொண்டான். காரில் என் காதோடு, "முடிஞ்சுது அக்கா. அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றான்.

அப்பாவுக்குத் தெரியாமல் அமெரிக்காவில் செய்த சத்திரசிகிச்சைக்குப் பிறகும் பழைய வேகம் திரும்பவில்லை. அணி அவனை விட்டுவிட்டது. இப்போது டுசல்டோர்ஃபில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை. "வெள்ளையள் எங்கட பிள்ளையளை மேல வர விடுவாங்களோ?" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் கொதிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் தம்பிக்குக் கொடுத்த வாக்கு.

போன ஞாயிறும் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அப்பா கைபேசியில் தான் எடுத்துவைத்த அந்த இரண்டாவது எறிதலைப் போட்டுக் காட்டினார்.

"என்ன வேகம் பாருங்கோ! இந்தக் கையைப் போய் வேண்டாமெண்டாங்களே!"

தம்பியும் எட்டிப் பார்த்தான்.

"ஓம் அப்பா," என்றான். "நல்லாத்தான் எறிஞ்சிருக்கிறன்."