எட்டு மணிக்குப் பிறகு பூங்காவில் யார்?

கை தூக்குவதில் நான் கெட்டிக்காரன். சிங்களத்தில் நடக்கும் எந்தக் கூட்டத்திலும், பக்கத்துக் கதிரைக்காரரின் கை எழும்பினால் என் கையும் எழும்பிவிடும். அது நல்ல தீர்மானமா, கெட்டதா என்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு யோசிப்பது! யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டியில் கந்தோர் உத்தியோகம் பார்ப்பவனுக்கு இந்தக் காலம் கற்றுத் தந்த பழக்கம் அது. தூக்காத கையைத்தானே எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்?

போன சனிக்கிழமையும் அப்படித்தான் தூக்கினேன்.

விஷயம் இதுதான். நகரத்தின் நடுவில், வாவிக்கரைப் பக்கமாக ஒரு சின்னப் பூங்கா. உட்கார ஏழெட்டு வாங்குகள், இரண்டு விளக்குகள். குண்டுப் பயம் இருக்கிற நாட்களில் இரவு எட்டு மணிக்குப் பிறகு அங்கே ஒருவரும் இருக்கக்கூடாது, கேற்றைப் பூட்டிவிட வேண்டும் என்று சுற்றியுள்ள கடைக்காரர்கள் கேட்டிருந்தார்கள். அதைப் பேசத்தான் நகரசபை மண்டபத்தில் கூட்டம். பூங்காவுக்கு எதிரே பிடவைக் கடை வைத்திருக்கும் ஹனீபா நானா — அக்குறணைக்காரர், என் நண்பர் — என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

சரி, இரவில் அங்கே யார்தான் இருக்கிறார்கள்? குடிகாரர்கள் என்றார் ஒருவர். காதலர்கள் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, சந்தேகத்துக்கிடமான ஆட்கள் என்றார். நான் ஏனோ குனிந்து என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டேன். வேடிக்கை என்னவென்றால், பேசியவர்களில் ஒருவரும் எட்டு மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் போனதில்லை. நானும்தான்.

கூட்டத் தலைவர் வாக்கெடுப்புக்கு விட்டார். கைகள் எழும்பின. என்னுடையதும்.

ஹனீபா நானாவின் கை மட்டும் பாதியில் நின்றது. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. மண்டபத்தின் கோடியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த செல்லம்மாவை அவர் கண்டுவிட்டார். செல்லம்மா நகரசபைத் தொழிலாளி. விடியற்காலையில் அந்தப் பூங்காவைக் கூட்டுவது அவர்தான்.

“செல்லம்மா, நீங்கதானே அங்க கூட்டுற? ராவைக்கு அங்க யாரு வந்து ஈக்கிற?”

“ஆள நான் எங்கங்க பாத்தேன்? குப்பையத்தான் பாக்குறேன். சாராயப் போத்தலு எப்பவாச்சும் ஒன்னு ரெண்டு கெடக்கும். மத்ததெல்லாம் மாத்திர அட்ட, தோடம்பழத் தோலு, ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டு... எல்லாம் பக்கத்து ஆஸ்பத்திரியில சீக்காளிய வார்ட்ல விட்டுட்டு வந்து ஒக்காந்திருக்கிற சனங்க.”

குப்பையைப் பார்த்து ஆளைச் சொல்கிறார்! எங்கள் கந்தோரில் எத்தனை அறிக்கைகள் எழுதியிருப்போம்... ஒன்றிலாவது இந்தத் தெளிவு இருந்திருக்குமா?

“அந்தா, வாசல்ல நிக்கிறாரே, அவரயே கேளுங்க. பூங்காக் கேட்டப் பூட்டப் போறாங்கன்னு நான்தான் சொல்லிக் கூட்டியாந்தேன்.”

வாசலில் ஒருவர், கையில் பிளாஸ்க்கோடு நின்றிருந்தார். பெயர் தர்மலிங்கம். வவுனியாக்காரர். ஹனீபா நானா கேட்கக் கேட்க, மெல்லச் சொன்னார்.

“மனுசிக்கு இருதய ஒப்பரேசன். இரவானால் எங்களை வார்ட்டிலை இருக்க விடமாட்டினம். லொட்ஜிலை, வவுனியா ஆள் எண்டால் பொலிஸ் ரிப்போட் இல்லாமல் அறை தரமாட்டினம். ராவிலை அவவுக்கு ஏதும் எண்டால், அட்டெண்டன் நான் இருக்கிற வாங்குக்கு வந்துதான் கூப்பிடுவார். போன கிழமை ரத்தம் தேவைப்பட்டு அப்பிடித்தான் கூப்பிட்டவர். கேற்றைப் பூட்டினால்... என்னை எங்கை வந்து தேடுறது?”

நானா அதைச் சிங்களத்தில் சொன்னார். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

“ஒயாலகே கெனெக்த?” — உங்களுடைய ஆளா?

“நே, தன்னே நே.” — இல்லை, தெரியாது.

பொய்யில்லை. அன்றுதான் முதன்முதலாக அவரைப் பார்க்கிறேன். ஆனால் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிட்டேனே, அந்த அவசரம்! அதை நினைத்தால் எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. தர்மலிங்கம் தலையைக் குனிந்தபோதுதான், அவருக்கும் கொஞ்சம் சிங்களம் விளங்கும் என்பது எனக்கு உறைத்தது.

ஹனீபா நானா விடவில்லை. அரைமணி நேரம் மல்லுக்கட்டினார். கடைசியில் ஒரு சமாதானம்: எட்டு மணிக்குக் கேற் பூட்டப்படும், ஒரு காவலாளி நிற்பார், ஆஸ்பத்திரி வார்ட் துண்டு வைத்திருப்பவர்கள் மட்டும் உள்ளே இருக்கலாம். மறுபடியும் கை தூக்கினோம். நான் இரண்டாந்தரம்.

செவ்வாய்க்கிழமை எட்டேகாலுக்கு அங்கே போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான்... உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான், விடுப்புப் பார்க்கத்தான் போனேன். உள்ளே யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், என்ன பேசிக்கொள்கிறார்கள்?

காவலாளி டோர்ச்சை என் முகத்துக்கு அடித்துத் துண்டைக் கேட்டார். என்னிடம் ஏது துண்டு? அடையாள அட்டையை நீட்டினேன். முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறந்த இடம் எழுதியிருந்த வரியில் டோர்ச் வெளிச்சம் நின்றுவிட்டது.

இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை என்று கேட்டார். நியாயமான கேள்விதானே? விடுப்புப் பார்க்க வந்தேன் என்று காவலாளியிடம் சொல்ல முடியுமா? எட்டு மணிக்குப் பிறகு, துண்டில்லாமல், பூங்கா வாசலில் நிற்கிற சந்தேகத்துக்கிடமான ஆள் — நான் கை தூக்கிய சட்டப்படி — நான்தான்.

உள்ளே ஒரு வாங்கிலிருந்து யாரோ எழுந்து வந்தார்கள். கையில் பிளாஸ்க். தர்மலிங்கம். என் முகத்தை ஒரு கணம் பார்த்தார், அடையாளம் தெரிந்துகொண்டார். காவலாளி அவர் பக்கம் திரும்பி, “மே மஹத்தயாவ...” — இந்த ஐயாவை — என்று தொடங்கினார்.

“அபே கெனெக்,” என்றார் தர்மலிங்கம். எங்களுடைய ஆள்.

அவரும் கேள்வி முடிவதற்குள்தான் பதில் சொன்னார்.