அக்காவின் குரலும் அக்காவும்

என் அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் பதினேழு வருஷம் உட்கார்ந்திருந்தாள். மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத சின்ன அறை. சுவரில் நூற்றிருபது நம்பர்கள் எழுதிய அட்டை தொங்கும். அதை அவள் திரும்பிப் பார்த்ததே இல்லை, அத்தனையும் மனப்பாடம். ஆனால் வீட்டில் தன் மூக்குக்கண்ணாடி எங்கே என்று தினமும் என்னைத்தான் கேட்பாள்.

போன் பண்ணுகிறவர்களைச் சும்மா காக்கவைக்க அவளுக்கு மனசு வராது. "லைன்லயே இருங்க, நான் இருக்கேன்" என்பாள். டாக்டர் கிடைக்கும்வரை நடுநடுவே வந்து, "இருக்கீங்களா? நானும் இருக்கேன்" என்று குரல் கொடுப்பாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவளாகவே வைத்துக்கொண்ட பழக்கம்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். லீவு நாளில் ஒலிப்பதற்குச் சில வரிகள் பதிவு செய்ய வேண்டும், அதற்கு உங்கள் குரல்தான் சரி என்றார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் வெந்நீராகக் குடித்தாள். அவள் பங்கு ஐஸ்க்ரீம் எனக்கு வந்தது. கண்ணாடி முன்னால் நின்று "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்று ஒப்பித்தாள். பதிவின்போது பழக்கதோஷத்தில் "லைன்லயே இருங்க, நான் இருக்கேன்" என்றும் சொல்லிவிட்டாளாம். மேனேஜர் அது தேவையில்லை என்று வெட்டிவிட்டார்.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. இனி போர்டுக்கு ஆள் வேண்டாம், பதிவுக் குரலே போதுமாம். சொந்த வாயைக் கொடுத்து இப்படி மாட்டிக்கொண்டவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மேனேஜரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "வணக்கம்" என்றது அக்காவின் குரல். அந்தக் குரலை எப்படித் திட்டுவது? பதிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அக்கா நான்கு நாள் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. அத்தான் சமைத்ததைக் குறையே சொல்லாமல் சாப்பிட்டாள். அதில்தான் அத்தான் பயந்துபோனார். "அவளை என்னைத் திட்டச் சொல்லும்மா" என்று என்னிடம் வந்து நின்றார்.

ஐந்தாம் நாள் எழுந்து, தலைக்குக் குளித்து, பேப்பரை விரித்தாள். டாக்சி கம்பெனி ஒன்றில் போனில் பேச ஆள் தேவை என்று போட்டிருந்தது.

"எனக்குத் தெரிஞ்சது பேசறது ஒண்ணுதான்டி. அதையும் அவங்க எடுத்து வெச்சுக்கிட்டாங்க" என்றாள். போனைத் தொடவே இல்லை. நானே நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தேன்.

"வணக்கம்" என்றாள். அந்தப் பக்கம் எடுத்தவர் காதில் அது விழுந்ததுதான் தாமதம், 'டொய்ங்' என்று ஒரு சத்தம், லைன் கட்டாகிவிட்டது.

மறுபடி போட்டோம். மறுபடியும் வணக்கம், மறுபடியும் டொய்ங். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அதே குரலை வைத்து வீடுவீடாகப் போன் பண்ணி, நாளை டாக்டரைப் பார்க்க வருவதானால் ஒன்றை அழுத்தவும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவின் வணக்கத்தைக் கேட்டால் ஊரில் எல்லோர் விரலும் தானாக ஒன்றுக்குப் போகும், அழுத்திவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள்.

"இனிமே நான் எங்க பேசினாலும் மிஷின்தான்" என்று அக்கா அழுதேவிட்டாள். போனை என்னிடம் கொடு, நான் பேசுகிறேன் என்றேன். கொடுக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை அவளே போட்டாள்.

"வணக்கம். தயவுசெஞ்சு பட்டனை அமுக்காதீங்க. நான் மனுஷி."

"இதென்ன, மிஷின் நம்மளோட மல்லுக்கு நிக்குது" என்றார் அந்த ஆள். "எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு, வெச்சுடறேன்."

"லைன்லயே இருங்க," அக்கா பதறிப்போய்ச் சொன்னாள், "நான் இருக்கேன்."

போச்சு, இதையும் வைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

"அக்கா, நீங்களா?" என்று கேட்டது குரல். "என் பொண்ணு பொறந்த அன்னிக்கு நான் வண்டியோட வெளியூர்ல மாட்டிக்கிட்டேன். நாப்பது நிமிஷம் என்னை லைன்ல பிடிச்சு வெச்சிருந்தது நீங்கதானே? இருக்கீங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களே. அந்த மிஷின் இதைச் சொல்றதே இல்லைக்கா."

"அதை வெட்டிட்டாங்க தம்பி, என் வேலையையும்தான். பேப்பர்ல உங்க விளம்பரத்தைப் பாத்துத்தான் போன் பண்றேன்."

"நல்லதாப் போச்சு. நாளைக்குக் காலையில வந்துடுங்க. எத்தனை மணிக்கு முடியும்?"

எத்தனை மணிக்கா? அக்கா எட்டு மணிக்கே கம்பெனி வாசலில் போய் நின்றுவிட்டாள், அவர்தான் ஒன்பதுக்கு வந்து கதவைத் திறந்தார். முதல் நாளே அத்தான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டில் உப்பில்லை என்று அங்கிருந்து போன் பண்ணித் திட்டினாள். அத்தானுக்கு வாயெல்லாம் பல்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் டாக்சி கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"வணக்கம்" என்றாள். நான் ஒன்றை அழுத்தினேன்.

"லைன்லயே இருடி, வீட்டுக்கு வந்து உன்னை வெச்சுக்கறேன்" என்றாள் என் அக்கா.