வரிசையை விட்டு இறங்கிய சவரிநாதன்

சவரிநாதனுக்கு யாரையும் பிடிக்காது. துறைமுக கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியைப் பிடிக்காது. முன்னால் நிற்கும் வண்டியைப் பிடிக்காது, பின்னால் நிற்கும் வண்டியைச் சுத்தமாகப் பிடிக்காது. ராயபுரத்தில் பிறந்து, இருபத்தெட்டு வருஷம் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டி, ஐம்பத்து மூன்று வயதுக்குள் மனுஷர் சம்பாதித்தது இரண்டு. ஒன்று வாய் நிறைய வசவு, இன்னொன்று மூலம். வசவை ஊருக்கே அள்ளிக் கொடுத்தார். மூலத்தைப் பற்றி மட்டும் பதினோரு வருஷமாக மனைவி ஐரீனைத் தவிர ஈ காக்காய்க்குக்கூடச் சொன்னதில்லை.

மூலம் சும்மா வந்துவிடவில்லை. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும். ஆறு மணி நேரம் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம், எப்போது நகரும் என்று ஒருவருக்கும் தெரியாது. நகருகிற நேரத்தில் ஸ்டீயரிங்கில் ஆள் இல்லையென்றால் பின்னால் இருப்பவன் வண்டியை ஒடித்துத் திருப்பி முன்னே போய்விடுவான். அப்புறம் வரிசையின் வாலுக்குத்தான் போக வேண்டும்.

அதனால் டிரெய்லர்காரர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வரிசையில் சேருவதற்கு முன்னால் வயிற்றைக் காலி செய்துவிட வேண்டும். வந்தாலும் வராவிட்டாலும் உட்கார்ந்து முக்கியாவது தீர்த்துவிட வேண்டும். ஏறிய பிறகு தண்ணீர் தொண்டையை நனைக்க மட்டும்தான். இந்தக் கேடுகெட்ட சட்டத்தைச் சவரிநாதன் அளவுக்கு விசுவாசமாகக் கடைப்பிடித்தவர் யாருமில்லை. தினமும் அரை மணி நேரம் கழுத்து நரம்பு புடைக்க உட்கார்ந்திருப்பார்.

முதலில் ரத்தம் சொட்டாக வந்தது. பிறகு சதை வெளியே வர ஆரம்பித்தது. அதை விரலால் உள்ளே தள்ளிவிட்டு வண்டி ஏறினார். உட்கார முடியாமல் போனபோது பழைய ஸ்கூட்டர் டியூப் ஒன்றில் பாதி காற்றடித்து சீட்டின் மேல் போட்டுக்கொண்டார். அதை டெரிக் பார்த்துவிட்டான். அதே முதலாளியிடம் வண்டி ஓட்டுகிறவன், முப்பத்தைந்து வயது, வாயில் சனி.

"இன்னா நைனா, முட்டை மேல உக்காந்துகீறியா? குஞ்சு எப்போ வரும்?"

டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து சவரிநாதனுக்கு டெரிக்கைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அவர் டாக்டரிடம் போகாததற்குக் காரணம் வெட்கம் மட்டுமில்லை. மூலம் என்றால் ஆபரேஷன், ஆபரேஷன் என்றால் மாதக்கணக்கில் படுக்கை என்று நம்பினார். அந்த முதலாளியிடம் ஒரு வாரம் வராவிட்டால் சாவி அடுத்தவன் கைக்குப் போய்விடும். நெல்சன் என்பவர் கால் உடைந்து படுத்தபோது அப்படித்தான் ஆனது. நெல்சனின் வண்டியைத்தான் டெரிக் இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறான். அதற்குப் பிறகு நெல்சனுக்கு வண்டியே கிடைக்கவில்லை.

ஒருநாள் எர்ணாவூர் பக்கம் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. பைக்கில் வந்த ஒருவன் மயிரிழையில் தப்பினான். வீட்டுக்கு வந்து சொன்னதும் ஐரீன் கொதித்துவிட்டாள்.

"நீ சாவுறதுன்னா சாவு. ரோட்ல போறவன இன்னாத்துக்கு இட்டுகினு போற?" என்று கேட்டு, மறுநாளே சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பதினாறாம் நம்பர் அறையில் இருந்தது சௌமியா என்ற சின்ன வயது டாக்டர்.

"ஆம்பள டாக்டர் இல்லியா?" என்றார் சவரிநாதன்.

"இருக்காரு. அடுத்த மாசம் வருவாரு. அதுவரைக்கும் உங்க உடம்புல ரத்தம் இருந்தா வாங்க."

சோதித்துப் பார்த்ததில், பதிமூன்று இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டில் நின்றது. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, வேறு கோளாறு இல்லை, உள்மூலம்தான் என்று சொன்னார் டாக்டர். சவரிநாதன் முந்திக்கொண்டு, "ஆபரேஷன் வேணாம்" என்றார்.

"உங்களுக்கு ஆபரேஷன்னு யார் சொன்னது? சின்னதா ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். வீங்கின சதையோட கழுத்துல மாட்டினா அதுக்கு ரத்தம் போகாது. காய்ஞ்சு ஒரு வாரம், பத்து நாள்ல தானா விழுந்துடும். சில பேருக்கு ஊசி போட்டுச் சுருக்குவோம், சில பேருக்கு வெளிச்சக் கதிரால சூடு வைப்போம். உங்களுக்கு ரப்பர்தான் சரி. ஆனா ரெண்டு நாளைக்கு வெளிக்கு வர்ற மாதிரியே இருக்கும். அது பொய். முக்கக் கூடாது. நெசமா வந்தா அடக்கவும் கூடாது. தண்ணி நிறைய குடிங்க."

மயக்க மருந்துகூடக் கொடுக்கவில்லை. கொஞ்சம் கனமாக இருந்தது, அவ்வளவுதான். இதற்கா பதினோரு வருஷம் பயந்தோம் என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

மறுநாள் விடிந்ததும் அவர் செய்த வேலையைச் சொன்னால் உங்களுக்கும் ஆத்திரம் வரும். வரிசையில் சேர வேண்டிய நாள். வயிறு முட்டுகிற மாதிரி இருந்தது. டாக்டர் பொய் என்று சொன்னது இதைத்தான் என்று தெரிந்தும், காலி செய்யாமல் வண்டி ஏற மனுஷருக்கு மனசு வரவில்லை. பழக்கப்படி அரை மணி நேரம் முக்கினார். வளையம் கழன்று விழுந்தது. ரத்தம் நிற்காமல் போக, பழைய வேட்டியைச் சுற்றிக்கொண்டு அதே பதினாறாம் நம்பர் அறைக்குப் போனார்.

"நான் சொன்னது உங்க காதுல விழலையா?" டாக்டர் வெளியே நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"காலி பண்ணாம லைன்ல எப்டிம்மா நிக்கறது?"

"லைனுக்குத் தகுந்த மாதிரி உங்க குடல் வேலை செய்யாது. ரத்தத்த நிறுத்திடறேன். இரும்பு மாத்திரை சாப்பிட்டு ஆறு வாரம் கழிச்சு வாங்க, இன்னொரு தடவை வளையம் போடறேன். அதையும் இப்படியே முக்கித் தள்ளினீங்கன்னா கத்திதான். அப்புறம் வண்டிய மறந்துடுங்க."

அந்த ஆறு வாரமும் ஐரீன் கீரையும் கேழ்வரகுமாகப் போட்டாள். இசப்கோல் உமியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். மூன்று லிட்டர் கேனை வண்டியில் வைத்து, காலியாகத் திரும்பி வர வேண்டும் என்று மிரட்டினாள். காலையில் வராவிட்டால் முக்காமல் எழுந்து வந்துவிடச் சொன்னாள். அவள் மேலும் அவருக்குக் கோபம்தான். ஆனாலும் குடித்தார்.

இரண்டாவது முறை வளையம் போட்ட நான்காவது நாள், பகல் பதினோரு மணி. சவரிநாதன் காலையிலிருந்து வரிசையில் நிற்கிறார். கேட்டுக்கு இன்னும் ஒன்பதே வண்டிகள். அப்போது வயிறு கூப்பிட்டது. இது பொய்யில்லை என்று தெரிந்துவிட்டது. அதே நேரம் முன்னால் இருந்த வண்டி ஸ்டார்ட் ஆனது.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தார். பிறகு இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். பின்னால் ஹாரன்கள் அலறின.

"யோவ் நைனா! லைன் நவுருது, எங்க போற?" பின் வண்டியிலிருந்து கத்தியவன் டெரிக்.

சவரிநாதனுக்குப் பதினோரு வருஷத்துக் கோபமும் ஒன்றாக வந்தது. நடுரோட்டில் நின்று திரும்பினார்.

"மூலம்டா எனக்கு! உள்ள ரப்பர் மாட்டிகினு கீறேன். அடக்குனா அறுத்துடுவாங்க. அப்பால இந்த வண்டிய எவன்டா ஓட்டுவான், உங்கொப்பனா? சிரிங்கடா, எல்லாரும் நல்லா சிரிங்க!"

சாலையோரப் பெட்ரோல் பங்க் கழிப்பறைக்கு நடந்தார். முக்கவில்லை. நாலு நிமிஷத்தில் வேலை முடிந்தது. குனிந்து பார்த்தார், ரத்தம் இல்லை.

திரும்பி வந்தபோது பத்துப் பன்னிரண்டு வண்டிகள் அவருடைய டிரெய்லரைத் தாண்டி முன்னே போயிருந்தன. டெரிக்கின் வண்டி மட்டும் போகவில்லை. அவன் கீழே இறங்கி, அவருடைய கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். சண்டைக்குத்தான் நிற்கிறான் என்று இவர் கையை மடக்கினார்.

"எந்த ஆஸ்பத்திரி நைனா?" என்று டெரிக் தரையைப் பார்த்துக் கேட்டான். "எனக்கு ரெண்டு வருசமா கீது. வூட்ல கூட சொல்லல."

"அப்பால இன்னாத்துக்குடா என்னைக் கலாய்ச்ச?"

இவனை ஒரு அறை விட்டால் என்ன என்று சவரிநாதனுக்குத் தோன்றியது. வண்டியில் ஏறி, தண்ணீர்க் கேனை எடுத்து அவன் நெஞ்சில் இடித்தார்.

"குடி. சர்க்கார் ஆஸ்பத்திரி, பதினாறாம் நம்பர் ரூம். செவ்வாக்கெழம போ. அந்த டாக்டர் பொண்ணு காது கிழியத் திட்டும். வாய மூடிகினு கேளு."