மகளுக்காக நான் எழுதிக் கொடுத்த உறுதிமொழி

பர்மாவில், சூலே பகோடாவுக்குப் பக்கத்துத் தெருவில் எனக்கு ஒரு மொழிபெயர்ப்புக் கடை இருக்கிறது. கடை என்றால் ஒரு மேஜை, ஒரு கணினி, ஒரு ரப்பர் ஸ்டாம்பு. வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழையும் குடும்பப் பட்டியலையும் பர்மியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பேன். அதனால் ஆங்கிலம் எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

என் மகள் ஆஸ்திரேலியாவில் ஒரு சின்ன ஊரில் நர்ஸ். போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ ஒன்று அனுப்பினாள். மூடிக் கிடக்கும் ஒரு பழைய விடுதியைப் புதிதாகக் குடியேறுகிறவர்களுக்குக் கொடுக்கலாமா, கூடாதா என்று அவர்கள் ஊர் மன்றத்தில் கூட்டம். நரைத்த தலை மனிதர் ஒருவர் எழுந்து, வந்தவர்கள் போதும், வாடகை ஏறிவிட்டது, டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்கிறோம் என்று கையை நீட்டி நீட்டிப் பேசினார். கைதட்டல் ஓய்வதற்குள் என் மகள் எழுந்தாள். நீங்கள் காத்திருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களே வந்தவர்கள்தான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

இந்த ஊரில் 'வந்தவர்கள்' என்ற பேச்சு பலத்த பிறகுதான் என் அப்பாவின் கடை அரசாங்கத்துக்குப் போனது, சித்தப்பாக்கள் மூன்று பேரும் கப்பலேறினார்கள். முதலில் பேச்சு, பிறகு கதவைத் தட்டுவது. எனக்குத் தெரிந்த அரசியல் அவ்வளவுதான். உடனே அவளைக் கூப்பிட்டேன்.

"வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியாதா உனக்கு? போன்ல இருக்கிறதையெல்லாம் அழிச்சுடு. அந்தப் பெரியவர் வீட்டுக்குப் பழம் வாங்கிட்டுப் போயி கடோ பண்ணிட்டு வா."

கடோ என்றால் பர்மியர் வழக்கப்படி பெரியவர்கள் முன் விழுந்து வணங்கிப் பிழை பொறுக்கக் கேட்பது.

"எதுக்கும்மா கடோ? அவர் நினைச்சத அவர் சொன்னாரு, நான் நினைச்சத நான் சொன்னேன்" என்றாள். அத்தோடு லைன் போய்விட்டது. மறுபடி கிடைக்கவில்லை.

இங்கே பிள்ளைகள் கூட்டம், ஊர்வலம் என்று போய்ப் போலீசில் மாட்டிக்கொண்டால், இனி இவன் எதிலும் தலையிடமாட்டான் என்று பெற்றோர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டு மீட்டு வருவார்கள். அந்த வாசகம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம். மத்தியானம் கரண்ட் வந்ததும் உட்கார்ந்து அதையே ஆங்கிலத்தில் எழுதினேன். என் மகள் அறியாமல் பேசிவிட்டாள், இனி எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கமாட்டாள், தயவுசெய்து அவள் விசாவில் கை வைக்க வேண்டாம். கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பு குத்தி, அந்த மன்றத்தின் இணையதளத்தில் இருந்த முகவரிக்கு அனுப்பிவைத்தேன். ஒரு தாய் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை லைன் கிடைத்து, செய்ததைச் சொன்னேன். கோபம் வந்தால் அவள் பர்மியத்துக்குத் தாவிவிடுவாள். அன்றைக்குத் திட்டு முழுவதும் பர்மியத்தில்தான். கடைசியில்தான் தமிழ் வந்தது.

"அவங்க ரோடு போடுறவங்க, குப்பை அள்ளுறவங்க. அவங்களுக்கும் விசாவுக்கும் என்னம்மா சம்பந்தம்? இப்ப நான் ஏதோ தப்புப் பண்ணேன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க."

அந்தச் சொல்லில் ஆடிப்போனேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை கத்தியதில் ஒன்றும் கெடவில்லை, தாய்த் தவளை கத்திக் கெடுத்துவிட்டது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பத் திரும்ப அந்த வீடியோவைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவரைப் பார்க்கப் பார்க்க வேறு மாதிரித் தெரிந்தார். அவருக்கு முழங்கால் வலி. எழுந்திருக்கும்போது முன் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறார். டாக்டர் கிடைக்கவில்லை என்பது அவருக்கு நிஜமான கஷ்டம். பின்னாலிருந்து ஒருவன் என் மகளை உன் ஊருக்குப் போ என்று கத்தியதும் கேட்டது. கூட்டத்தை நடத்திய அம்மாள் அவனை அதட்டி உட்காரவைத்தார். அதை முதல் நாள் பயத்தில் நான் கவனிக்கவே இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே.

வியாழக்கிழமை பதில் வந்தது. மன்றத்து எழுத்தர் நாலே வரி எழுதியிருந்தார். உங்கள் மகள் மன்னிப்புக் கேட்கும்படி எதுவும் செய்யவில்லை. விசா எங்கள் வேலை இல்லை. விடுதி விஷயம் இன்னும் முடிவாகவில்லை, அடுத்த கூட்டத்தில் பேச உங்கள் மகள் பெயர் கொடுத்திருக்கிறார். உங்கள் கடிதத்தின்படி அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டுமா, அல்லது அப்படியே இருக்கட்டுமா?

மூன்று முறை படித்தேன். பிறகு, என் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அவள் பெயர் இருக்கட்டும் என்று பதில் எழுதினேன். அனுப்பி முடித்ததும் அழுகை பொங்கிவிட்டது. அப்படி ஒரு நிம்மதி. மேஜைக்கு எதிரே சான்றிதழுக்காக உட்கார்ந்திருந்தவர் பதறி, "என்ன அக்கா, கெட்ட சேதியா?" என்று பர்மியத்தில் கேட்டார்.

"இல்லை. என் பெண் கூட்டத்தில் எழுந்து பேசினாள். ஒன்றும் ஆகவில்லை" என்றேன்.

அவர் கைக்குட்டையை எடுத்துத் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.