வகுப்பில் தமிழ் தெரியாதவர்

ஓர் ஆசிரியை தன் காதில் விழுந்ததை விழாதது போல விட்டுவிடலாமா? எனக்கு இன்றும் பதில் தெரியவில்லை. எஸ்தர் டீச்சரிடமே கேட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய தம்பி என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, "அக்கா போயிட்டா, டீச்சர்" என்றபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

எழுபதுகளின் கடைசியில் அவர் மேற்கு ஜெர்மனியில் பார்த்த நர்ஸ் வேலையை விட்டுவிட்டு சங்கரன்கோவிலுக்குத் திரும்பியது உங்களில் பலருக்குத் தெரியும். ஜெர்மனிக்கு நர்ஸ் பயிற்சிக்குப் போகவிருந்த பெண்களுக்கு எங்கள் பள்ளியில் மாலையில் ஜெர்மன் கற்றுக்கொடுத்தார். நான் அதே பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள். ஒரு சொல்கூடத் தமிழ் பேசாமல் எப்படி நடத்துவார் என்று பார்க்கக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பெண்கள் இரண்டு நாளில் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அறை வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அவருக்குத் தமிழ் தெரியாது. "டீச்சர், தண்ணி" என்றால் புருவத்தை உயர்த்துவார். "வாசர்" என்றால் உடனே டம்ளர் வரும். பெண்கள் அவரைச் சோதித்துப் பார்த்தார்கள். "ஏட்டி, இந்தம்மா நடக்கதப் பாரேன், வாத்து மாதிரி" என்றாள் ஒருத்தி. எஸ்தர் ஒரு தக்காளியைத் தூக்கிப் பிடித்து அதன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வந்த பிறகும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தப்பாகப் பேசினாலும் அப்படித்தான். திருத்த மாட்டார், அதையே தான் ஒருமுறை சரியாகச் சொல்வார். மெல்ல எல்லாரும் வாய் திறந்தார்கள். நானும் உளறினேன்.

எனக்குப் புரியாதது வேறொன்று. பெண்கள் தங்கள் வீட்டு விஷயங்களை அவர் முன்னாலேயே தமிழில் பேச ஆரம்பித்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன?

ஒரு மாலை பனவடலிசத்திரத்துப் பெண் பூமாரி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "எனக்கு அங்கன போக மனசே இல்லட்டி. அப்பாகிட்ட எப்படிச் சொல்ல? ஊரெல்லாம் சொல்லிட்டாவ. நாளைக்கு டீச்சர்கிட்ட வாக்குக் குடுக்க வாராவ." எஸ்தர் அவளை ஒட்டித்தான் நின்றிருந்தார். முகம் மாறவில்லை.

வகுப்பு முடிந்து நடக்கும்போது கேட்டேன். "பூமாரி சொன்னது காதுல விழுந்துச்சா?"

"வகுப்புல எனக்குத் தமிழ் தெரியாதே" என்று சிரித்தார்.

"விளையாட்டா இது? அவங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

சிரிப்பு நின்றது. "அவ எங்கிட்டச் சொல்லல, டீச்சர். என்னை நம்பி என் முன்னால சொன்னா. ரெண்டும் வேற வேற. நான் போய்ச் சொல்லிட்டா அவ எப்பச் சொல்லுவா?"

"கேக்க நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மாணவிகள் தங்களுக்குள் பேசும்போது நான் இப்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பதில்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அது. சரிதானா என்ற சந்தேகமும் கூடவே தங்கியிருக்கிறது. ஆகவே அந்த மாலைக்கு மறுநாள் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எஸ்தர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். அன்றைய பாடம் 'நைன்': வேண்டாம் என்று சொல்வது. நம் ஊர்ப் பந்தியில் செய்வது போல ஒவ்வொருத்தியையும் விடாமல் வற்புறுத்தினார். பெண்கள் நெளிந்து, கடைசியில் வாங்கிக்கொண்டார்கள். வாங்கியவளிடமிருந்து பழத்தைப் பிடுங்கி மறுபடி நீட்டினார். ஒரே சிரிப்பு. பூமாரி முதலில் தலைகுனிந்துதான் அந்தச் சொல்லைச் சொன்னாள். பழம் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு கட்டத்தில் நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, "நைன்" என்றாள்.

வராந்தாவில் காத்திருந்த அவளுடைய அப்பா, "பழம் வேண்டாங்கதுக்கு ஒரு படிப்பா!" என்றார்.

வகுப்பு முடிந்து எஸ்தர் வெளியே வந்தார். "வாங்க, அண்ணாச்சி."

"எம்மவள அனுப்பி வைக்கேன், டீச்சர்."

"முதல்ல அவகிட்டக் கேளுங்க."

அவர் கேட்பதற்கு முன்பே பூமாரி சொன்னாள்: "நான் போவலப்பா." குரல் நடுங்கியது. ஆனால் அவரைப் பார்த்தேதான் சொன்னாள்.

அவர் மகளையும் எஸ்தரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊர்ல நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றார்.  பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, எதையாவது சொல்லிக்கிடுதேன். வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

எஸ்தர் ஒரு பழத்தை நீட்டினார். பூமாரி வாங்கி, உரித்துக்கொண்டே அப்பாவின் பின்னால் நடந்தாள்.